மேசை காலியாக இருந்த நாள்

வெலிங்டன்,
8 ஜூன் 2025

அன்புள்ள ராஜினிக்கு,

நேற்று நீ தொலைபேசியைப் பாதியில் வைத்துவிட்டாய். திரும்ப அழைத்தேன், நீ எடுக்கவில்லை. பேசினால் நாம் இருவரும் கத்துகிறோம். கத்தி முடித்தபின் யார் என்ன சொன்னோம் என்பதற்கு இன்னொரு சண்டை பிடிக்கிறோம். ஆகவே எழுதுகிறேன். நீயும் எழுத்திலேயே பதில் தா. எழுதியது எழுதியபடி நிற்கும்.

நீ கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுவோம். உன் கணவர் கிரிகரியின் இதய வால்வு சுருங்கிவிட்டது. இரண்டு இரத்தக் குழாய்களில் அடைப்பும் இருக்கிறது. கோலாலம்பூர் அரசாங்க மருத்துவமனையில் அறுவைக்கு அடுத்த ஆண்டு மார்ச்சில் நாள் கொடுத்திருக்கிறார்கள். அங்கே இதய அறுவைப் பிரிவின் தலைவன் ஜெயந்திரன், என் வகுப்புத் தோழன். நான் அவனை ஒருமுறை அழைத்து, 'என் தங்கையின் கணவர்' என்று சொன்னால் மார்ச் இந்த ஆண்டு ஆகஸ்டாகிவிடும் என்கிறாய். "ஒரே ஒரு போன் அண்ணா, அதுக்கு மேல ஒண்ணும் கேட்கல" என்றாய்.

என்னால் முடியாது.

மனமில்லாமல் சொல்லவில்லை. இந்த நாட்டுச் சுகாதார அமைச்சில் என் வேலையே அறுவைக்குக் காத்திருப்போரில் யார் முன்னே, யார் பின்னே என்பதற்கு விதி எழுதுவதுதான். ஒரு நோயாளியின் பெயரையோ ஊரையோ நாங்கள் பார்ப்பதில்லை; நோயின் கடுமையை மட்டும் பார்க்கிறோம். சென்ற மாதம் அங்குள்ள இணைய நாளிதழில் நான் எழுதிய கட்டுரையை நீ படித்தாய். அரசாங்க மருத்துவமனைக்குள்ளேயே பணம் கட்டுவோரைத் தனியாகக் கவனிக்கலாம் என்று அங்கே நடக்கும் விவாதத்தில், அது கூடாது என்று எழுதினேன். பணம் கொடுத்து முந்துவதும் ஆள் பிடித்து முந்துவதும் ஒரே களவுதான் என்று முடித்தேன். என் பெயரைப் போட்டு எழுதினேன், ராஜினி. எழுதிய மை காயுமுன் நானே அதைச் செய்ய முடியுமா?

கிரிகரியைத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோ. செலவு முழுவதும் என்னுடையது. அதைப் பற்றி நீ பேசவே வேண்டாம்.

உன் அண்ணன்,
சிவேந்திரன்


கிள்ளான்,
12 ஜூன்

அண்ணா,

எழுத்துல பதில் கேட்ட. இந்தா.

பிரைவேட் பத்தி முதல்ல சொல்லிடறேன். நீ சொல்றதுக்கு முன்னாடியே ரெண்டு இடம் போயாச்சு. பள்ளிக்கூட கூட்டுறவுச் சங்கம், கோப்பராசில கடன் எடுத்துடலாம்னு தைரியமா போனேன். சர்க்கரை இருக்கு, கிட்னி வேற பாதிதான் வேலை செய்யுதுன்னு பார்த்ததும் ரெண்டு இடத்துலயும் டாக்டர் முகம் மாறிடுச்சு. "அங்கிளுக்கு கவர்மெண்ட்தான் நல்லது, அங்க பேக்கப் இருக்கு"ன்னு சிரிச்சுக்கிட்டே அனுப்பிட்டாங்க. சுலபமான கேஸ் அவங்களுக்கு, செத்துடுவான்னு பயப்படற கேஸ் கவர்மெண்டுக்கு. இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதேன். உன் பணம் இங்க செல்லாது அண்ணா. நான் கேட்டது பணம் இல்ல.

முப்பது வருஷம் போர்ட் கிள்ளான்ல கண்டெய்னர் லோரி ஓட்டின மனுஷன். ஏப்ரல்ல துறைமுக கேட்லயே மயங்கி ஸ்டியரிங் மேல விழுந்தாரு. நல்லவேளை லோரி நின்னுக்கிட்டிருந்துச்சு. கம்பெனி சாவியை வாங்கி வெச்சுக்கிச்சு. இப்ப படுத்தா மூச்சு முட்டுது, நாற்காலியில உட்கார்ந்தபடியே தூங்கறாரு. டீனா சிங்கப்பூர்ல நர்ஸ். இங்க நிரந்தர வேலை கிடைக்கல, போயிட்டா. அடுத்தவங்க அப்பாவைப் பார்த்துக்கறா, என் பொண்ணு.

கிளினிக்ல என் பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, பவுனம்மாள்னு பேரு, மெதுவா கேட்டாங்க: "டீச்சர், உங்களுக்கு கேபிள் ஒண்ணும் இல்லையா?" இங்க எல்லாரும் அதைத்தான் தேடறோம், மேல யாரையாவது தெரியுமான்னு. இல்லைன்னு சொன்னேன். வெட்கமா போச்சு. இருக்கு, ஆனா அவன் கூப்பிட மாட்டான்னு எப்படிச் சொல்றது?

ஒண்ணு கேட்கறேன். அப்பா பார்த்து வெச்ச யாராவது சிலோன்கார இஞ்சினியரை நான் கட்டியிருந்தா, அவனுக்கு ஹார்ட் போயிருந்தா, நீ கூப்பிட்டிருப்பியா மாட்டியா?

அவரு பின்னாடி நின்னு இதைப் படிக்கறாரு. சொல்றாரு: "மச்சானை ஏசாத லா. அவன் பள்ளிக்கூடத்துலயே பிரீஃபெக்ட். இப்ப உலகத்துக்கே பிரீஃபெக்ட்." சிரிச்சா அவருக்கு மூச்சு வாங்குது. அதனால நிறுத்திக்கறேன்.

ராஜினி


வெலிங்டன்,
20 ஜூன்

அன்புள்ள ராஜினிக்கு,

கிரிகரிக்குப் பதிலாக வேறொருவர் இருந்திருந்தால் என்று நீ கேட்டதற்குப் பதில்: அப்போதும் அழைத்திருக்க மாட்டேன். நம் அப்பாவாக இருந்தாலும் அழைத்திருக்க மாட்டேன். அழைத்தால் அப்பாவே என்னைத் திட்டியிருப்பார். இதை நீ நம்பாவிட்டால் நம்பவைக்க எனக்கு வழியில்லை.

தனியார் மருத்துவமனைகள் கைவிரித்தது எனக்குத் தெரியாது. அதற்காக வருந்துகிறேன். நான் அதைப் பற்றியும் எழுதியிருக்க வேண்டும் என்பது உண்மை. இங்கே இருந்து பார்க்கும்போது விவாதம் தெரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்து தூங்குகிற மனிதர் தெரிவதில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நீயும் ஒன்றைப் பார்க்க வேண்டும். கிரிகரிக்கு முன்னால் இருப்பவர்களும் மூச்சு முட்டுகிறவர்கள்தாம். டெங்கிலில் ஒரு தோட்டத்தில் ஒரு பெண் இருக்கக்கூடும். அவளுக்கு அண்ணன் இல்லை. இருந்தாலும் அந்த அண்ணனுக்கு ஜெயந்திரன் போல ஒரு வகுப்புத் தோழன் இருக்க மாட்டான். நான் தொலைபேசியை எடுக்கும்போது அவளைத்தான் பின்னால் தள்ளுகிறேன். அவள் யாரென்று எனக்குத் தெரியாது என்பதாலேயே அது குற்றமில்லை என்று ஆகிவிடாது.

முறைப்படி செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மயங்கி விழுவது இந்த நோயில் மிகக் கடுமையான அறிகுறி. ஏப்ரலில் நடந்தது மருத்துவரின் குறிப்பில் ஏறியிருக்கிறதா? இல்லையென்றால் ஏற்றச் சொல். அதைக் காட்டி அறுவை நாளை முன்கொண்டுவரும்படி கேள். இது சலுகையல்ல, அவருடைய உரிமை. இதை நீ கேட்கலாம், தலைநிமிர்ந்து கேட்கலாம்.

கிரிகரியிடம் சொல்: நான் பள்ளியில் வகுப்புக் கண்காணிப்பாளனாக இருந்தது ஓராண்டுதான்.

உன் அண்ணன்,
சிவேந்திரன்


கிள்ளான்,
7 ஜூலை

அண்ணா,

நீ சொன்னதைச் செஞ்சேன். கிளினிக்ல இருந்த சின்ன டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "எழுதியாச்சு ஆன்டி. இங்க வர்றவங்கள்ல முக்கால்வாசி மயங்கினவங்கதான்"னாரு. பாவம், கான்ட்ராக்ட்ல இருக்காரு, அடுத்த மாசம் அவரும் சிங்கப்பூர் போறாராம். நாள் மாறலை. மார்ச்தான்.

அதனால நான் பிரிக்பீல்ட்ஸ் போனேன்.

ஜெயந்திரனோட அம்மா வெள்ளிக்கிழமை கந்தசாமி கோயிலுக்கு வருவாங்கன்னு தெரியும். கல்யாணத்துக்கப்புறம் நான் அந்த வாசலை மிதிச்சதில்ல. போய் முன்னாடி நின்னேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாங்க.

"நீ சீவரத்தினத்தின்ர மகள் எல்லோ? வேதக்காரப் பெடியனைக் கட்டினவள்."

"ஆமா ஆன்டி."

"இப்ப என்னத்துக்கு வந்தனீ? விட்டுட்டுப் போட்டானோ?"

"இல்ல ஆன்டி. அவருக்கு ஹார்ட் சரியில்ல."

கண்ணாடியை இறக்கிக்கிட்டாங்க. அப்புறம், "உன்னை வடிவாப் பாக்கிறவனோ?"ன்னு கேட்டாங்க.

"பார்க்கறாரு ஆன்டி."

"அப்ப சாக விடேலாது." கைப்பையிலேருந்து போனை எடுத்தாங்க. உள்ள தீபாராதனை நடக்குது, மணி அடிக்குது, இவங்க ஸ்பீக்கர்ல கத்தறாங்க: "ஜெயா! வெட்டிக்கொண்டிருக்கிறியோ? வெட்டி முடிஞ்சோடன எடு!" பக்கத்துல கும்பிட்டுக்கிட்டிருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. எனக்கு ரொம்ப நாளைக்கப்புறம் சிரிப்பு வந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலமே ஜெயந்திரன் கூப்பிட்டாரு. ரிப்போர்ட் எல்லாம் பார்த்துட்டுச் சொன்னாரு: "ராஜினி, யாரையும் தள்ளிட்டு நான் போட முடியாது. ஆனா வாரத்துல ஒரு நாளாவது யாருக்காவது காய்ச்சல் வரும், ஆபரேஷன் நிக்கும். அந்த மேசையை வீணாக்க மாட்டோம். பக்கத்துல இருக்கற, தயாரா இருக்கற ஆளை சிஸ்டர் போன் பண்ணிக் கூப்பிடுவாங்க. கிரிகரியை அதுல சேர்க்கறேன். சேர்க்க வேண்டிய கேஸ்தான், யாரும் கவனிக்கல. பல் எல்லாம் சுத்தம் பண்ணி வைங்க, சளி காய்ச்சல் வராம பார்த்துக்குங்க, போனை அணைக்காதீங்க."

ரெண்டு சொத்தைப் பல்லைப் புடுங்கியாச்சு. பை கட்டி வாசல்ல வெச்சாச்சு. கூட்டத்துல போகக்கூடாதுன்னு ஞாயித்துக்கிழமை பூசையைக்கூட டிவியில பார்க்கறாரு. என் மாமியார் மகதலேனா, யாரும் தும்மினா வீட்டுக்குள்ளயே விடறதில்ல. அவரோட கூட்டாளி கிஷன் எப்ப கூப்பிட்டாலும் கார் கொண்டு வரேன்னு சொல்லியிருக்கான்.

நீ ஒண்ணும் செய்ய வேண்டாம் அண்ணா. உன் கை சுத்தமாவே இருக்கட்டும். தயவுசெஞ்சு ஒண்ணும் செய்யாத.

ராஜினி


வெலிங்டன்,
15 ஜூலை

அன்புள்ள ராஜினிக்கு,

உன் கடிதத்தைப் படித்து மகிழ்ந்தேன். கோயிலில் நடந்ததை உன் அண்ணி ஜனகாவுக்கும் படித்துக் காட்டினேன். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அதன் பிறகு எனக்கு ஒரு கலக்கம் வந்தது. அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

காலியாகும் மேசைக்கு ஆள் அழைப்பது நல்ல நடைமுறை. இங்கும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் அதற்கு எழுதப்பட்ட விதி இருக்க வேண்டும். கிரிகரி அந்த விதிப்படி தகுதியானவர் என்றால் ஜெயந்திரனின் அம்மா தேவையில்லை. தகுதியில்லை என்றால் ஜெயந்திரனின் அம்மா போதாது. அவர் பெயர் கோயிலிலிருந்து போன ஒரு தொலைபேசி அழைப்பால் சேர்ந்தது என்று நாளை யாராவது புகார் செய்தால் கிரிகரியின் இடமும் போகும், ஜெயந்திரனின் பெயரும் கெடும். அந்த ஆபத்தில் அவரை விட்டுவைக்க எனக்கு மனமில்லை.

ஆகவே நான் ஒரு வழி கண்டேன். நேற்று ஜெயந்திரனுக்கு முறைப்படி ஒரு கடிதம் அனுப்பினேன். நட்பை அதில் ஒரு சொல்லாலும் குறிப்பிடவில்லை. காலியாகும் இடங்களுக்கு நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க எந்த எழுத்துபூர்வமான வழிகாட்டி பின்பற்றப்படுகிறது என்று கேட்டு, அந்த வழிகாட்டியின்படி கிரிகரியைப் பரிசீலிக்குமாறு அவருடைய மைத்துனன் என்ற முறையில் வேண்டியிருக்கிறேன். அடியில் நகலைக் குறிக்கும் 'எஸ்.கே.' என்று போட்டு மருத்துவமனை இயக்குநருக்கும் ஒரு நகல் அனுப்பினேன். நகல் யாருக்கு என்று எழுதாத கடிதம் அரை நிர்வாணமாகத் தெருவில் போவது போல என்பார் அப்பா, ரயில்வே அலுவலகத்தில் இருந்த காலம் முழுவதும்.

இனி இது கேபிள் அல்ல, விண்ணப்பம். கிரிகரி அந்த மேசையில் ஏறும்போது யாரிடமிருந்தும் எதையும் பறித்துக்கொண்டு ஏற மாட்டார். உனக்காக நான் செய்யக்கூடியது என்று ஒன்று கிடைத்ததில், உண்மையைச் சொன்னால், பல வாரங்களுக்குப் பிறகு எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

உன் அண்ணன்,
சிவேந்திரன்


கிள்ளான்,
9 ஆகஸ்ட்

அண்ணா,

நடந்ததை வரிசையா எழுதறேன். உனக்கு வரிசைதானே முக்கியம்.

செவ்வாய்க்கிழமை சிஸ்டர் போன் பண்ணாங்க. நாளைக்கு ஆபரேஷன் இருந்தவருக்குக் காய்ச்சல், கிரிகரி பட்டினியோட காலையில வந்துடணும். அவரு ஷேவ் பண்ணிக்கிட்டாரு. மூச்சு வாங்க வாங்க, பாதி நானும் பாதி அவருமா. டீனாவுக்கு போன் போட்டு, "அப்பா புது வால்வு மாட்டிக்கப் போறேன், ஓவர்ஹால்"னாரு. மகதலேனா ஜெபமாலையை அவர் கையில சுத்தினாங்க. கிஷன் சொன்ன நேரத்துக்கு வந்தான். கார் பெடரல் ஹைவே ஜாம்ல நிக்கும்போதுகூட எனக்குப் பயமில்ல. மார்ச் வரைக்கும் காத்திருக்கறதுதான் பயம்.

வார்டுல பேர் இல்ல.

ஒரு மணி நேரம் கழிச்சு ஜெயந்திரன் வெளியே வந்தாரு. என்னைப் பார்க்கவே முடியல அவருக்கு. "ராஜினி, சிவா எழுதின கடிதம் வந்தன்னைக்கே டைரக்டர் என்னைக் கூப்பிட்டாரு. எழுத்துல விதி எங்கன்னு கேட்டாரு. விதி ஒண்ணும் இல்ல. எத்தனையோ வருஷமா சிஸ்டரோட தலையிலதான் அது ஓடுது, ஒழுங்காத்தான் ஓடுது." இவ்வளவுதான் முதல்ல சொன்னாரு. நான் விடல. மீட்டிங் வெச்சாங்களாம். டைரக்டர் நல்ல மனுஷன், நேர்மையானவர், உன் மாதிரி. உன் கட்டுரையைப் பிரிண்ட் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தாராம். 'ஆள் பிடித்து முந்துவதும் களவு' அதுக்குக் கீழ கோடு போட்டு. வழிகாட்டி எழுதி மேலிடம் ஒப்புக்கற வரைக்கும் காலி இடத்துக்கு யாரையும் கூப்பிடக்கூடாதுன்னு புதன்கிழமை காலையிலதான் உத்தரவு கைக்கு வந்துச்சாம். சிஸ்டர் எங்களுக்கு போன் பண்ணினது அதுக்கு முந்தின நாள்.

நான் கேட்டேன், "அப்ப இன்னைக்கு அந்த மேசையில யாரு?"

"யாரும் இல்ல."

டாக்டர் இருந்தாரு. மயக்க மருந்து கொடுக்கறவர் இருந்தாரு. ரத்தம் எடுத்து வெச்சிருந்தாங்க. இவரு பட்டினியோட, பல்லு புடுங்கின வாயோட, வாசல்ல சக்கர நாற்காலியில. உள்ள மேசை காலி. முழு நாளும் காலி.

நீ சொன்னியே, டெங்கில் தோட்டத்துப் பொம்பளை. அவளும் அதுல ஏறலை அண்ணா. யாருமே ஏறலை.

திரும்பி வரும்போது அவரு, "சரி, பசிக்குது லா, எங்கயாவது ரொட்டி சானாய் சாப்பிடலாம்"னாரு. சாப்பிட்டோம். ரெண்டு வாய்க்கு மேல அவரால முடியல.

ஒண்ணும் செய்யாதன்னு எழுதியிருந்தேன். எழுத்துலதான் எழுதியிருந்தேன்.

இனிமே எனக்கு எழுதாத.


வெலிங்டன்,
14 ஆகஸ்ட்

ராஜினி,

எழுதாதே என்றாய். மீறி எழுதுகிறேன்.

நீ எழுதியதைப் படித்த உடனே ஜெயந்திரனை அழைத்தேன். ஜூன் மாதம் நீ கேட்ட அதே அழைப்பு. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். அவனுடைய அம்மாவின் வீட்டு எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். "நீ படிச்ச பிள்ளையடா, உனக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியேல்லையே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

இயக்குநருக்கு என் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதினேன். பதிவுசெய்யப்பட்ட கடிதத்தைத் திரும்பப் பெற இயலாது என்றும், விஷயம் ஒரு குழுவின் பரிசீலனையில் இருப்பதாகவும், நான் சுட்டிக்காட்டியமைக்கு நன்றி என்றும் மரியாதையான பதில் வந்தது. அவர் இடத்தில் நான் இருந்தால் இதே சொற்களை எழுதியிருப்பேன். அந்தக் குழு தொடங்குவதற்கு உதவியாக வழிகாட்டி முழுவதையும் நானே எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று நாள் வேலையை ஒரு நாளில் முடித்தேன். குழு எப்போது கூடும் என்று கேட்டேன். உறுப்பினர்கள் இன்னும் நியமிக்கப்படவில்லை.

கிரிகரியின் கால் வீங்கியிருக்கிறதா? இரவில் இருமல் இருக்கிறதா? இருந்தால் காத்திருக்காதே, அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோ. அங்கே வரிசை இல்லை.

சிவேந்திரன்


வெலிங்டன்,
31 ஆகஸ்ட்

ராஜினி,

பதில் இல்லை. டீனாவுக்கு எழுதினேன், அவளும் பதில் எழுதவில்லை. உன் தமிழ்ப்பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். 'டீச்சர் லீவில் இருக்காங்க' என்று மட்டும் சொன்னார்கள்.

நாளிதழின் ஆசிரியர் இன்னொரு கட்டுரை கேட்டிருக்கிறார். போன கட்டுரைக்கு நல்ல வரவேற்பாம். வெளிநாட்டிலிருந்து நம் சுகாதாரத் துறையைப் பார்க்கும் நிபுணர் என்று என்னை அறிமுகப்படுத்தப் போகிறாராம். மேசையின் முன் உட்கார்ந்தேன். பழைய கட்டுரையை எடுத்து ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தேன். தவறான வாக்கியம் ஒன்றுகூட இல்லை, ராஜினி. ஒரு வாக்கியமாவது பொய்யாக இருந்திருந்தால் அதை அடித்துவிட்டு, இதனால்தான் இப்படி ஆயிற்று என்று நான் சற்றுத் தூங்கியிருப்பேன்.

விதி இல்லாத இடத்தில் நல்லவர்கள் சிலர் கையாலேயே ஒரு காரியத்தை நடத்திக்கொண்டிருப்பார்கள், அதை விளக்குப் போட்டுப் பார்த்தால் நின்றுவிடும் என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கற்றுத்தந்திருந்தாலும் நான் கேட்டிருப்பேனா, தெரியவில்லை.

ஒரு வரி எழுது. அவர் இருக்கிறார் என்று மட்டும்.

அண்ணன்


கோலாலம்பூர்,
23 செப்டம்பர்

அண்ணா,

இருக்காரு. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நேத்து காலையில காப்பி குடிச்சுக்கிட்டே இருந்தவர் சாஞ்சாரு. முகம் சாம்பல் நிறமாயிடுச்சு. கிஷன்தான் தூக்கினான். கிள்ளான்ல இருந்து ஆம்புலன்ஸ்ல இங்க கொண்டு வந்துட்டாங்க. இப்ப மூச்சுக்குக் குழாய் போட்டு மயக்கத்துல வெச்சிருக்காங்க. ஆம்புலன்ஸ்ல கண்ணைத் திறந்து, "சைரன் போட்டா ஜாம் எல்லாம் விலகுது பாரு. இவ்வளவு நாளா லோரிக்கு இதை மாட்டாம விட்டுட்டேனே"ன்னாரு. அதுக்கப்புறம் பேசல.

ஜெயந்திரன் வந்தாரு. இப்ப வரிசை கிடையாது, மார்ச் கிடையாது, நாளைக்கே மேசை இருக்கு. ஆனா இதயத்தோட சதை தளர்ந்து போச்சாம். "ஆகஸ்ட்ல இது வழக்கமான ஆபரேஷன் ராஜினி. இப்ப பாதிக்குப் பாதிகூட நான் சொல்ல மாட்டேன். செய்யலைன்னா இந்த வாரம் தாண்டாது. செஞ்சா மேசையிலயே போகலாம். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க"ன்னாரு. அவரே மயக்கத்துல இருக்கறதால நான்தான் கையெழுத்துப் போடணும்.

டீனா வந்துட்டா. நர்ஸா இருந்து என்ன செய்ய, "அம்மா, என்னைக் கேட்காதே"ன்னு அழறா. மகதலேனா கர்த்தர் சித்தம்னு சொல்லிட்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்காங்க.

நான் உன்னோட பேசக்கூடாதுன்னு இருந்தேன். ஆனா சின்ன வயசுலேருந்து என்ன செய்யறதுன்னு தெரியலைன்னா உன்னைத்தான் கேட்பேன். அந்தப் பழக்கம் போகமாட்டேங்குது. நீ விதி எழுதறவன். இதுக்கு ஒரு விதி இருந்தா சொல்லு. போடவா, வேண்டாமா?

ராஜினி


வெலிங்டன் விமான நிலையம்,
24 செப்டம்பர்

ராஜினி,

இதற்கு விதி இல்லை. எங்கும் இல்லை. நான் தேடவும் இல்லை.

ஆக்லாந்து வழியாக வருகிறேன். இன்னும் சற்று நேரத்தில் விமானம். நீ கையெழுத்துப் போடாதே. நான் வந்து இறங்கும்வரை ஜெயந்திரனைப் பொறுக்கச் சொல். அந்தக் கையெழுத்தை நான் போடுகிறேன். அவர் எழுந்து உட்கார்ந்தால் நீ போட்டதாகவே இருக்கட்டும். எழுந்திருக்காவிட்டால் அந்தப் பேனா என் கையில் இருந்ததாக இருக்கட்டும். நீ வாழ்நாள் முழுவதும் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடாது. அது எனக்குரியது. நான் ஏற்கெனவே ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னொன்று எனக்குப் பாரமாக இராது.

எழுத வேறு ஒன்றும் வரவில்லை. கூப்பிடுகிறார்கள்.

அண்ணா


கிள்ளான்,
25 செப்டம்பர்

அண்ணா,

நீ வானத்துல இருக்கும்போது இதை எழுதறேன். இறங்கி போனைப் போட்டதும் பார்ப்ப. நேரா ஆஸ்பத்திரிக்குப் போகாத. வீட்டுக்கு வா.

நீ போட முடியாது அண்ணா. மனைவி இருக்கும்போது மனைவிதான் போடணும். மைத்துனன் போட்டா செல்லாது. இது உனக்குத் தெரியாம இருக்காது, தெரிஞ்சும் எழுதியிருக்க. அதைப் படிச்சப்ப எனக்கு உன் மேல இருந்த கோபம் கொஞ்சம் இடறிச்சு. அதுக்குன்னு காத்திருக்க முடியல. நேத்து மதியம் நானே போட்டேன். போடாம இருந்தா அவரு அந்த வாரத்துக்குள்ள மெல்ல மெல்ல மூழ்கறதை நான் பார்த்துக்கிட்டு நின்னிருக்கணும். அது என்னால முடியாது. யார் சொல்லியும் போடல. நான்தான் போட்டேன். அதை நீ உன் கணக்குல எடுத்துக்காத.

ஜெயந்திரனே செஞ்சாரு. வெளியே வந்து தொப்பியைக் கழட்டி, என் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்தாரு. "வால்வு நல்லா உட்கார்ந்துச்சு. இதயம்தான் திரும்ப ஓட மாட்டேன்னுடுச்சு"ன்னாரு. ரொம்ப நேரம் எழுந்து போகல. அவருக்கும் அழத் தெரியுது.

சனிக்கிழமை பத்து மணிக்கு கிள்ளான் சர்ச்ல பூசை. மகதலேனாகிட்ட உன் கடிதத்தைப் பத்தி யாரும் சொல்லல, நீயும் சொல்லி மன்னிப்புக் கேட்காத. அது உனக்குத்தான் சுகமா இருக்கும், அவங்களுக்கு இல்ல. டீனாவுக்குத் தெரியும். அவ உன் முகத்தைப் பார்க்கமாட்டா. பொறுத்துக்க.

மன்னிச்சுட்டேன்னு நான் எழுத மாட்டேன். எப்பவாவது எழுதுவேனான்னும் தெரியல.

பெட்டி தூக்க ஆறு பேர் வேணும். கிஷன் இருக்கான், பக்கத்து வீட்டு தம்புசாமி இருக்காரு, போர்ட்டுல இருந்து லோரிக்காரங்க மூணு பேர் வராங்க. ஆறாவதுக்கு சர்ச் பங்குலேருந்து ஒருத்தரைத் தரேன்னு பாதர் சொன்னாரு. வேணாம், எங்கண்ணன் வந்துக்கிட்டிருக்கான்னு சொல்லிட்டேன்.

வெள்ளைச் சட்டை இருந்தா போட்டுக்க. இல்லைன்னா அவரோடது ஒண்ணு அலமாரியில இருக்கு, தோள் கொஞ்சம் பெரிசா இருக்கும். நீ இடது பக்கம், நடுவுல. கனமான ஆளு அண்ணா அவரு. பீடத்துலேருந்து வாசல் வரைக்கும் நிறுத்தாம தூக்கணும்.

ராஜினி